நீரிழிவும் யூரிக்கமிலமும் என்பின் வலிமையும்

நீரிழிவை அறியாத குடும்பம் இன்று நம் நாட்டில் அரிது. 2005–2006ஆம் ஆண்டுகளிலே, வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையர் எனக் கண்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோயுண்டு என்பதையே அதுவரை அறியாதிருந்தனர். 2018–2019இல் நாடு முழுவதையும் தழுவி நடந்த பிறிதோர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேர் என்று கூறிற்று. இரண்டின் முறைகளும் முற்றும் ஒன்றல்லவெனினும், நோய் எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதில் ஐயமில்லை.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களும் இதற்கு விலக்கல்ல. தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களிலே, வயலும் கடலும் தறியும் உடலுக்கு வேலை கொடுத்த காலம் போய், கடையும் மேசையும் மோட்டார் சைக்கிளும் வாழ்வை ஆளுங் காலம் வந்துவிட்டது. காரைதீவிலே 1892இற் பிறந்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையையும் ஏற்றிருந்த விபுலானந்த அடிகள், அறிவியலைத் தமிழிலே சொல்லுதல் கூடும் என்று உழைத்தவர். அவர் பிறந்த மண்ணைப் பற்றிய இவ்விடயத்தைத் தமிழிலே விளக்க முயல்வது பொருந்தும்.

இவ்வூர்களில் மூட்டு நொந்தால் உடனே எழும் சொல் யூரிக்கமிலம் என்பது. பரிசோதனைத் தாளிலே 7.4 என்ற எண்ணைக் கண்டதும் மீனையும் இறைச்சியையும் பருப்பையும் ஒருசேர விலக்குவோர் உளர். பிறர் உண்ணும் மாத்திரையைத் தாமும் வாங்கி உண்போர் உளர். மறுபுறத்தில், யூரிக்கமிலம் மிகுந்தால் என்பு பலப்படும் என்று கேள்வியுற்று மகிழ்வோரும் உளர். இவ்விரண்டிற்கும் நடுவே, நீரிழிவுடையோர் உண்மையில் அஞ்ச வேண்டிய ஒன்று கவனிக்கப்படாமற் போகின்றது. அஃது என்பு முறிவு.

யூரிக்கமிலம் யாது?

1776ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே, சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல்லிலிருந்து இப்பொருளை முதன்முதற் பிரித்தெடுத்தார். நம் உடலின் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் ஈரல், நெத்தலி, சூடை, இறைச்சி முதலியவற்றிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதைந்து ஈற்றில் யூரிக்கமிலமாகின்றது. பெரும்பாலான விலங்குகள் இதனை மேலும் சிதைக்கும் நொதியம் உடையன. மனிதனும் வாலில்லாக் குரங்கினமும் அந்நொதியத்தை இழந்துவிட்டன. ஆகவே நம் உடல் இதனை வெளியேற்றியே ஆக வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தாலும் எஞ்சியது குடலாலும் வெளியேறும்.

குருதியின் ஒரு டெசிலீற்றரில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் யூரிக்கமிலம் பளிங்காகப் படியக்கூடிய நிலையை அடைகின்றது. அப்பளிங்குகள் மூட்டில் படிந்து, பெரும்பாலும் காற்பெருவிரலடியில், திடீரென வீக்கமும் பொறுக்கவொண்ணா நோவும் உண்டாக்குவதே கௌட் என்னும் கீல்வாதம். ஆயினும் எண் உயர்ந்தவர் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவதில்லை. பலர் வாழ்நாள் முழுவதும் ஒரு குறையுமின்றி இருந்துவிடுகின்றனர். முழங்கால் நோவும் நாரிநோவும் பெரும்பாலும் வேறு காரணங்களால் வருவன.

நீரிழிவுடையோரின் என்பு

என்பு உயிரற்ற கல்லன்று. உடைக்கப்பட்டும் மீளக் கட்டப்பட்டும் ஆண்டுதோறும் அதன் பத்திலொரு பங்களவு புதுப்பிக்கப்படுகின்றது. கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆன பின்னலும், அதில் இறுகிய கல்சிய உப்பும் சேர்ந்ததே என்பு.

என்பின் அடர்த்தியை அளக்க ஊடுகதிர்க் கருவி உண்டு. முதுமையிலே சாதாரணமாக அடர்த்தி குறைந்தவர்க்கே என்பு முறியும். ஆனால் இன்று பெரும்பாலார்க்கு உள்ள இரண்டாம் வகை நீரிழிவிலே ஒரு புதுமை காணப்படுகின்றது. இவர்களின் என்பு அடர்த்தி பிறரை ஒத்தோ சற்று மிகுந்தோ இருக்கும்; எனினும் முறிவு அதிகமாக நேரும். 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அடர்த்தியைக் குறிக்கும் ‘ரி’ மதிப்பு நீரிழிவுடையவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒன்றாயிருப்பினும், நீரிழிவுடையவரின் மதிப்பை ஏறத்தாழ 0.5 குறைவாகவே கொள்ளல் வேண்டும் என்பது அதன் பயன்.

காரணம் என்ன? மருதமுனைத் தறியில் நெய்த சேலையைத் தராசிலிட்டால் அதன் கனந் தெரியும். நூல் இற்றிருக்கின்றதா என்பது தெரியாது. அடர்த்திக் கருவியும் அத்தகையதே. குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், அது கொலாஜன் இழைகளிற் பற்றி அவற்றை விறைப்பாக்குகின்றது. என்பைப் புதுப்பிக்கும் வேலையும் மந்தமாகின்றது. இவற்றோடு, கால் நரம்பு உணர்விழத்தல், பார்வை மங்கல், மருந்தினால் சர்க்கரை திடீரெனத் தாழ்தல் ஆகியன சேர்ந்து நோயாளரை விழச் செய்கின்றன. என்பும் வலிகுன்றி, விழுதலும் மிகுமாயின் இடுப்பு முறிவுக்கு வேறென்ன வேண்டும்?

காரணமா, சாட்சியா?

இனி இரண்டையும் இணைத்து நோக்குவோம். சிட்னி நகரில் எழுபது வயதும் அதற்கு மேலும் உடைய ஆடவரிடையே நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வும், ரொட்டர்டாம் நகரில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வும், யூரிக்கமிலம் உயர்ந்தவர்களின் என்பு அடர்த்தி சற்று உயர்ந்திருக்கக் கண்டன. சீனத்தில் நீரிழிவுடையோரிடையே நடந்த சில ஆய்வுகளும் அவ்வாறே கூறின. யூரிக்கமிலம் உடலுக்குக் கேடு செய்யும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கவல்லது; ஆதலால் அதுவே என்பைக் காக்கின்றது என்று சிலர் கருதினர்.

ஆயின் இரண்டு பொருள்கள் ஒருங்கு காணப்படுதலால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பருத்தவர்க்கு யூரிக்கமிலம் மிகும். பாரந் தாங்குதலால் அவர்தம் என்பின் அடர்த்தியும் மிகும். குருதி அமுக்கத்திற்குக் கொடுக்கப்படும் தயசைட்டு வகை மருந்து யூரிக்கமிலத்தை உயர்த்தும். அதே மருந்து சிறுநீரிற் கல்சியம் வீணாவதையுங் குறைக்கும்.

நீரிழிவிலே மற்றொரு நுட்பம் உண்டு. குருதிச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால் சிறுநீரிற் சர்க்கரை இறங்கும்; அதனோடு யூரிக்கமிலமும் மிகுதியாக வெளியேறும். ஆகவே நோயைக் கட்டுப்படுத்தாதவரின் யூரிக்கமிலம் தாழ்ந்து காணப்படலாம். அவர் என்போ கட்டுப்படாத சர்க்கரையால் நலிகின்றது. இங்கே தாழ்ந்த எண் நலத்தின் அறிகுறியன்று. இதற்கு எதிராக, சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு யூரிக்கமிலம் உயரும். விற்றமின் டி செயற்படும் நிலையை அடையாமையால் என்பு மெலியும். இங்கே உயர்ந்த எண் என்பின் வலிமைக்கு அறிகுறியன்று.

2015இலே நியூசீலந்து ஆய்வாளர் வேறொரு வழியிற் சோதித்தனர். பிறவியிலேயே யூரிக்கமிலத்தைச் சற்று உயர்த்தும் மரபுக்கூறுகள் உள. யூரிக்கமிலமே என்பை வளர்ப்பதாயின், அக்கூறுகளை உடையவரின் என்பு அடர்ந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவின் பிராமிங்காம் ஊர் மக்களைப் பற்றிச் சேர்க்கப்பட்ட குறிப்புக்களில் அவ்வாறு காணப்படவில்லை. ஆகவே யூரிக்கமிலம் என்பின் நிலைக்குக் காரணம் எனக் கொள்வதற்கு இடமில்லை. உடலின் எடையையும், சர்க்கரையின் நிலையையும், சிறுநீரகத்தின் தொழிலையும் பற்றிச் சொல்லும் ஒரு சாட்சியாகவே அதனைக் கொள்ளல் தகும்.

செய்யத் தக்கன

யூரிக்கமிலம் உயர்ந்திருப்பின் முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதித்தல் வேண்டும். கீல்வாதமோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவர், எண்ணைத் தாழ்த்துவதற்கென்றே மருந்துண்ண வேண்டுவதில்லை என்பதே இன்றைய மருத்துவ நெறி. அலோபியூரினோல் நல்ல மருந்துதான். ஆயினும் சிலர்க்குத் தோலிலே உயிராபத்தான ஒவ்வாமையை விளைக்கும். வைத்தியர் சொல்லின்றி அதனை உண்ணலாகாது. கீல்வாதம் உடையவரோ வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

உணவிலே, முள்ளோடு உண்ணும் நெத்தலி கல்சியமும் தரும், பியூரினும் தரும். கீல்வாதம் இல்லாதவர் அளவோடு உண்ணலாம், உடையவர் குறைத்துக்கொள்க. கொழுப்புக் குறைந்த பாலும் தயிரும் கல்சியத்தைக் கொடுத்து யூரிக்கமிலத்தையும் குறைக்கத் துணை செய்வன. நம் எருமைத் தயிர் கொழுப்பு மிக்கது. சிறிதளவாக, பாணி சேர்க்காது உண்பது நன்று. முருங்கையிலையும் எள்ளும் நல்லன. இனிப்பூட்டிய சர்பத்தும் போத்தற் பானங்களும் சர்க்கரை, யூரிக்கமிலம் இரண்டையும் உயர்த்துவன.

நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவுடையோர், ரமழானுக்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரவிலே நீர் போதிய அளவு அருந்துதல் அவசியம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது விழாமற் காத்தல். வைகறைத் தொழுகைக்கு இருளிற் புறப்படும் முதியோர்க்கு வழியில் வெளிச்சம் வேண்டும். வுழூ செய்யுமிடத்தும் கிணற்றடியிலும் குளியலறையிலும் வழுக்காத தரையும் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கண்ணையும் பாதத்தையும் பரிசோதித்தல், நாளும் நடத்தல், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் முற்றத்தில் வெயில் காய்தல், புகைத்தலை விடுதல் ஆகியன செலவு அதிகம் வேண்டாத காப்புக்கள். பயோகிளிற்றசோன் என்னும் நீரிழிவு மருந்து பெண்களிடத்தில் என்பு முறிவை மிகுவிக்கும். ஆதலால் முன்னரே முறிவுற்றவர் அதனை வைத்தியரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும்.

இவ்விடயம் முதியோர்க்கே உரியதென்று மாணவர் எண்ணற்க. என்பின் அடர்த்தி முப்பது வயதளவில் உச்சத்தை அடைந்துவிடும். அதன்பின் சேமித்ததைக் காப்பதே எஞ்சிய வேலை. மாலையில் விளையாட்டுத் திடலில் ஓடும் மாணவன் தன் எழுபதாம் வயதுக்கு வேண்டிய என்பை இன்றே தேடிக்கொள்கின்றான். பழைய மாணவராகிய நாமோ, அடுத்த முறை பரிசோதனைத் தாள் கைக்கு வரும்போது, யூரிக்கமிலத்தின் எண்ணோடு நின்றுவிடாமல், சர்க்கரையும் சிறுநீரகமும் எவ்வாறுள்ளன என்றும், கடந்த ஓராண்டில் எத்தனை முறை கால் இடறினோம் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய விடைகளிலேயே நம் என்பின் நலம் தங்கியிருக்கின்றது.