வலிந்து வரும் எண்ணங்களும் அவற்றிற்கோர் சிகிச்சையும்

அறைக்கதவைப் பூட்டினோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் யாவர்க்கும் இயல்பே. இருபதுமுறை இழுத்துப் பார்த்தும் ஐயம் நீங்காது, வகுப்பு நேரமுந் தவறி, வாயிலிலேயே நின்று வருந்தும் மாணவனொருவன் உளனாயின் அவனை நாம் நகைத்தல் தகாது. அவனைப் பற்றியிருப்பது எண்ணச் சுழற்சி நோய், மருத்துவர் ஓ.ஸி.டி. என்பர். தன் ஐயம் பொருந்தாதென்பதைப் பெரும்பாலும் அவனே அறிவான். அறிந்தும் விட இயலாமையே அதன் கொடுமை.

ஆங்கில இலக்கியம் பயில்வோர் ஜான் பனியனை அறிவர். தம் இரட்சகரை விற்றுவிடும்படி தூண்டும் எண்ணமொன்று, உண்ணும்போதும் விறகு பிளக்கும்போதும் தம்மை விடாது நெருக்கியதையும், அதனை மறுத்துக் கூறிக் கைகளாலும் முழங்கைகளாலும் தள்ள முயன்றதையும், 1666-இல் வெளியான தம் வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். தள்ளத் தள்ள அது மீண்டும் வந்தது. நோயின் நுட்பம் ஈண்டே உளது. விரும்பாத எண்ணம் தோன்றுதல் நோயன்று; நலமுடையார்க்கும் அத்தகைய எண்ணங்கள் எழுவதை ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978-இல் எடுத்துக் காட்டினர். அதனை விரட்டவும், அதனால் எழும் அச்சத்தைத் தணிக்கவும் செய்யும் செயல்களே அதற்கு உரமாகின்றன.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவரான ஜெப்ரி ஷ்வார்ட்ஸ் இதற்கு வேறொரு வழி கண்டார். கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் விளக்கிய பௌத்த ஸதிப் பயிற்சி அவர்க்குத் துணையாயிற்று. ஆடம் ஸ்மித் 1759-இல் கூறிய நடுநிலைப் பார்வையாளனையும் அவர் எடுத்தாண்டார். (பொருளாதார மாணவர் இவ்வாசிரியரை இங்குச் சந்திக்க எதிர்பாரார்!) 'கதவு திறந்துள்ளது' என்னாது, 'கதவு திறந்துள்ளதென்னும் எண்ணம் எழுந்துள்ளது' என நோயாளி பெயரிடுகிறான், அது மூளையின் கோளாறால் வருவதென உணர்கிறான், பின் 15 நிமிடமேனும் பயனுள்ள வேறொரு செயலில் கருத்தைத் திருப்புகிறான். நாளடைவில் அவ்வெண்ணத்தின் மதிப்புக் குறைகிறது. மருந்தின்றி இம்முறையாற் குணமடைந்தோரின் மூளையில் காடேட் என்னும் பகுதியின் இயக்கம் மாறியதை 1996-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர்.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளுதல் பிழை. அஞ்சும் பொருளை எதிர்கொண்டு, வழக்கமான சடங்கைச் செய்யாதிருக்கப் பழக்கும் சிகிச்சையே இன்றும் மிகுந்த சான்றுடையது, மருந்துகளும் உள. மனவிழிப்புப் பயிற்சி அவற்றிற்குத் துணை. 'எண்ணம் போயிற்றா' என்று உள்ளே அடிக்கடி நோக்குதலும் ஒரு புதிய சடங்காய் விடக்கூடும். ஆதலின் பயிற்சி பெற்ற மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். வாயிலில் நின்ற அம்மாணவனுக்கு அவர் முதலிற் கற்பிப்பது, ஐயம் நீங்கும்வரை காத்திராமல், அந்த ஐயத்தையும் உடன்கொண்டே வகுப்பிற்கு நடத்தல்.