நெல்லுக்குள் நனோத் துகள் நுழைவது எப்படி?

கல்முனைக் கரவாகு வட்டையில் நாகம் போதாத இளம்பயிரின் இலையில் துருநிறப் புள்ளிகள் விழும். தண்ணீர் தேங்கிய மண்ணில் நாகம் எளிதில் கரையாமல் முடங்கிவிடுவது ஒரு காரணம். அதை நனோத் துகளாகக் கொடுத்தால்?

வேரின் கலச்சுவர்த் துளைகள் ஏறத்தாழ 5 முதல் 20 நனோமீற்றர் அகலம்தான். பெரிய துகள்கள் பெரும்பாலும் வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்தவற்றைக் கஸ்பாரியின் கீலம் என்ற நீர்புகாப் பட்டை மறிக்கும். இலையில் தெளித்தால் இலைவாய்தான் முக்கிய வழி.

நுழைந்த பிறகு நடப்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ ஆய்வாளர்கள் சோயாவில் இதைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, விதையில் நாக ஒட்சைட்டுத் துகளே இல்லை. அது கரைந்து, நாக சித்திரேற்றுப் போன்ற சேர்வையாகியிருந்தது. அதே ஆய்வில் சோதித்த சீரியம் ஒட்சைட்டோ பெரும்பாலும் கரையாமல், துகளாகவே காய்வரை போயிருந்தது. ஆகவே, 'நனோ நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வோர் உலோகத்தையும் தனியே சோதிக்க வேண்டும்.

சோயாவின் விடையை நெல்லுக்கு அப்படியே எடுக்கவும் முடியாது. நீர் தேங்கிய வயலில் ஒட்சிசன் குறைந்து சல்பைட்டு உருவாகும். அது நாகத்தை வேருக்கு எட்டுமுன்னரே பிடித்துக்கொள்ளும்.