கலோரியா, கிலோஜூலா? உணவாற்றலை அளக்கும் இரண்டு அளவைகள்

கடைத்தட்டில் பால்மாவுத் தகரங்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன என்று கொள்வோம். ஒன்று உள்நாட்டில் அடைக்கப்பட்டது. மற்றொன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. முன்னதன் சீட்டில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 500 என்றும், பின்னதில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 2,090 என்றும் ஆற்றல் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் காண்பவர், இரண்டாவது பால்மாவில் நான்கு மடங்கு சத்து உண்டு என்று மகிழ்வார். அல்லது நான்கு மடங்கு உடல் பருக்கும் என்று அஞ்சி அதனைத் தட்டிலேயே விட்டுவிடுவார். உண்மையில் இரண்டு தகரங்களிலும் உள்ள ஆற்றல் ஒன்றே. முன்னது கிலோகலோரியில் சொல்லப்பட்டது. பின்னது கிலோஜூலில் சொல்லப்பட்டது.

இது வெறும் கணக்குப் புதிர் என்று தள்ளிவிடத் தக்கதன்று. நீரிழிவுடைய ஒருவருக்கு, நாளொன்றுக்கு 1,500 கிலோகலோரி உண்ணலாம் என்று மருத்துவமனையில் அளவு வகுத்துக் கொடுக்கின்றனர். அவர் வீட்டுக்கு வந்து, சீட்டுகளில் உள்ள கிலோஜூல் எண்களைக் கூட்டிக்கொண்டே போய், 1,500 வந்ததும் நிறுத்திவிட்டால், அவர் உண்டது 360 கிலோகலோரிக்கும் குறைவே. இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நோயாளியாயின், இரத்தத்தில் சருக்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். பிழை எதிர்த்திசையிலும் நிகழும். ஆஸ்திரேலியாவில் வாழும் உறவினர், சிற்றுண்டி 600-க்கு மேற்படாமல் இருக்கட்டும் என்று அன்போடு எழுதுகிறார். அவர் எண்ணியது கிலோஜூல். இங்கே படிப்பவர் அதைக் கிலோகலோரி என்று கொண்டால், நான்கு பேருக்குரிய சிற்றுண்டியை ஒருவரே உண்டு முடிப்பார்.

‘கலோரி’ என்னும் சொல், வெப்பத்தைக் குறிக்கும் ‘கலோர்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பாரிசு நகரில் நிக்கொலா கிளெமான் என்பார், 1819-க்கும் 1824-க்கும் இடையே நடத்திய விரிவுரைகளில் இச்சொல்லை ஆண்டார். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியசு சூடேற்றத் தேவையான வெப்பமே அவர் கண்ட கலோரி. பின்வந்த வேதியியலார் சிலர், ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பத்துக்கும் அதே பெயரைச் சூட்டினர். ஒரு பெயர், பொருளோ இரண்டு, ஒன்று மற்றொன்றைப்போல் ஆயிரம் மடங்கு! இக்குழப்பத்தைத் தீர்க்க, பெர்த்தலோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1879-இல் ஒரு வழி கூறினார். பெரிய கலோரியைப் பெரிய எழுத்தால் தொடங்கி எழுதுக. சிறிய கலோரியைச் சிறிய எழுத்தால் எழுதுக என்பது அவ்வழி.

தாளில் எழுதும்போது இது ஓரளவு உதவலாம். வாயால் சொல்லும்போது உதவாது. தமிழிலோ தாளிலும் உதவாது. ஏனெனில் நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லை. அமெரிக்க உணவுச் சீட்டில் பெரிய எழுத்தோடு நிற்கும் சொல், தமிழுக்கு வந்தவுடன் வெறும் ‘கலோரி’ ஆகிவிடுகிறது. அறிவியல் வகுப்பில் மாணவன் படிக்கும் கலோரி ஒரு கிராம் நீருக்குரியது. அவன் தாயார் சமையற் குறிப்பில் படிக்கும் கலோரி ஒரு கிலோகிராம் நீருக்குரியது. ஒரு கோப்பைச் சோற்றில் 200 கலோரி என்று தமிழ் ஏடுகள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சொல்லளவில் நோக்கினால் அது ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே தமிழில் எழுதுவோர், நாவுக்குச் சற்று நீளமாக இருப்பினும், ‘கிலோகலோரி’ என்று முழுமையாக எழுதுவதே முறை. ‘பேரளவுக் கலோரி’ என்பதுபோல் புதிதாக ஒரு தொடரை ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை. உலகமெங்கும் வழங்கும் சொல்லையே பிழையின்றி வழங்கினால் போதும்.

ஜூலின் வரலாறு வேறு வழியில் வந்தது. அவ்வழியில் நம் அண்டைத் தீவு ஒன்றும் குறுக்கிடுகிறது. 1840-இல் இராபர்ட் மேயர் என்னும் இளம் செர்மானிய மருத்துவர், டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராகச் சாவகத்துக்கு வந்தார். சுராபாயாவில் மாலுமிகளுக்கு நரம்பு கீறிக் குருதி வடித்தபோது, சிரைக் குருதி ஐரோப்பாவில் கண்டதைவிடச் செக்கச் சிவந்திருக்கக் கண்டு வியந்தார். வெப்பநாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைந்த உணவே எரிந்தாற் போதும். ஆகவே குருதியிலுள்ள உயிர்வளி முழுதும் செலவாவதில்லை என்று அவர் கருதினார். அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு மேலும் சென்று, வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாக மாறத்தக்கவை என்ற முடிவுக்கு வந்தார். 1842-இல் அதற்கு ஓர் எண்ணும் வெளியிட்டார்: ஒரு பொருள் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தோன்றும் ஆற்றல், அதே எடையுள்ள நீரை ஒரு பாகை சூடேற்றும். சரியான எண் ஏறக்குறைய 427 மீட்டர். எனினும், அக்காலத்துக்கு அது பெரிய எட்டு.

சரியான எண்ணை விடாது தேடியவர் மான்செஸ்டரைச் சார்ந்த ஜேம்சு பிரெசுகாட் ஜூல் (1818-1889). இவர் மதுவடிக்கும் ஆலைக் குடும்பத்தவர். வெப்பமானியை நுட்பமாகக் கையாளும் பழக்கமுடையவர். எடைக்கட்டிகள் மெல்லக் கீழிறங்க, அவற்றோடு கட்டிய கயிறு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றும். நீர் சிறிது சூடேறும். அச்சூட்டை அளந்து, இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு வெப்பம் என்று கண்டார். 1850-இல் அவர் வெளியிட்ட எண், ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட்டுப் பாகை சூடேற்ற 772 அடி-பவுண்டு என்பது. பின்னர்த் திருத்திக் கண்ட 772.55 என்னும் எண் அவர் கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே உறவைத்தான் இன்று ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல் என்று எழுதுகிறோம்.

உணவுக்குக் கலோரி வந்து சேர்ந்ததன் காரணம் எளிது. உணவின் ஆற்றலை முதலில் அறிந்தவர்கள், அதை எரித்து, அவ்வெப்பம் நீரை எவ்வளவு சூடாக்கிற்று என்று பார்த்தே அறிந்தனர். அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர், 1890-களில் இயற்பியலார் ரோசா என்பவரோடு கூடி, ஓர் ஆள் பல நாள் தங்கி உண்டு உறங்கக்கூடிய அறை ஒன்றை அமைத்தார். அறையின் குழாய்களில் ஓடும் நீர், அவன் உடல் வெளியிடும் வெப்பத்தை வாங்கிச் செல்லும். உண்டதும் வெளிப்பட்டதும் ஏறத்தாழ ஒத்துநின்றன. அவ்வாய்வுகளின் பயனாக எழுந்ததே இன்றும் உணவுச் சீட்டுகளுக்கு அடிப்படையான கணக்கு: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9.

1948-இல் எடை, அளவைகளுக்கான அனைத்துலக மாநாடு, வெப்பத்துக்கும் ஜூலே அளவை என்று முடிவு செய்தது. கலோரி அதனால் மறையவில்லை. ஆஸ்திரேலியாவில் கிலோஜூல் கட்டாயம். அங்கே வளர்ந்தவர் ஒருவரின் சராசரி நாட்தேவை 8,700 கிலோஜூல் என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இரண்டும் எழுதப்படவேண்டும். கிலோஜூல் முன்னே நிற்கும். அமெரிக்கா கலோரியை விடவில்லை. மலேசியப் பொட்டலங்களில் ‘தெனாகா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு நேரே பெரும்பாலும் கிலோகலோரியையும், பலவற்றில் அதன் பக்கத்தே கிலோஜூலையும் காணலாம். இதில் வியப்பில்லை. இந்நாடுகள் 1970-களில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பின்னரும், ஏறக்குறைய 605 கிராம் எடையுள்ள பழைய ‘கட்டி’ முதியோர் பேச்சில் பல்லாண்டு நிலைத்து நின்றதன்றோ?

இரண்டு எண்களும் அச்சிட்ட சீட்டை வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கும் கூரிய மாணவன் ஒருவன், விடை 4.184 வரவில்லையே என்று ஆசிரியரைக் கேட்கக்கூடும். அவன் பிழை செய்யவில்லை. கிலோஜூலில் கணக்கிடுவோர், மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 17, கொழுப்புக்கு 37 என்னும் முழு எண்களைக் கொள்கின்றனர். ஆகவே நூறு கிராம் சீனி ஒரு கணக்கில் 400 கிலோகலோரி, மறு கணக்கில் 1,700 கிலோஜூல். ஆனால் 400-ஐ 4.184-ஆல் பெருக்கினால் 1,674 தான் வரும். நூறு கிராம் எண்ணெயில் பிழை மறுபுறம் சாய்கிறது: 900-ஐப் பெருக்கினால் 3,766, சீட்டுக் கணக்கோ 3,700. மாவும் கொழுப்பும் கலந்த பிஸ்கோத்தில் இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும்.

இந்தச் சிறு வேறுபாட்டுக்காக மனம் உலைய வேண்டுவதில்லை. 4, 9 என்னும் எண்களே சராசரிகள். 2012-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சார்ந்த ஆய்வாளர்கள், வாதுமைப் பருப்பை மக்களுக்கு உண்ணக் கொடுத்து அளந்தபோது, 28 கிராமுக்குக் கிடைத்த ஆற்றல் 129 கிலோகலோரியே என்று கண்டனர். வழக்கமான கணக்கின்படி அது ஏறக்குறைய 170 ஆக இருக்கவேண்டும். பருப்பின் கடினமான உயிரணுச் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பு முழுதும் செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. நிலைமை இதுவாகவும், உணவுக் கணக்கில் 4.184-ஐ விட்டு 4.2-ஐக் கொள்ளலாமா என்று வாதிடுவது நெல்லை விட்டு உமியைத் தூற்றுவதாகும்.

ஜூலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதை வகுப்பறையில் எடுத்துக்காட்டாமல் விடலாகாது. உணவும் மின்விளக்கும் மலையேற்றமும் ஒரே அளவையில் வந்துவிடுகின்றன. ஒரு வாட்டு என்பது விநாடிக்கு ஒரு ஜூல். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி, அஃதாவது ஏறக்குறைய 8,400 கிலோஜூல் உண்பவரின் உடல், அதை 86,400 விநாடிகளில் செலவிடுகிறது. வகுத்தால் விநாடிக்கு 97 ஜூல். எனவே மனித உடல், பழைய நூறு வாட்டுக் குமிழ் விளக்கு ஒன்றின் அளவே ஆற்றல் கொள்கிறது.

பத்துமலைப் படிகளையே எடுத்துக்கொள்க. படிகள் 272. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறும் உயரம் 41 மீட்டர். அறுபது கிலோகிராம் எடையுள்ளவர் அவ்வுயரம் ஏற, 60-ஐ 9.8-ஆலும் 41-ஆலும் பெருக்க, 24 கிலோஜூல் ஆகிறது. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே உழைப்பாக மாற்றுவதால், உண்மைச் செலவு 96 கிலோஜூல். ஒரு தேக்கரண்டிச் சீனி, 5 கிராம், தருவது 85 கிலோஜூல். படியேறி முடித்துக் கீழே வந்து, டின்பால் கலந்த தேநீர் ஒரு கோப்பை குடித்தவர், செலவிட்டதைவிடக் கூடுதலாகவே வரவு வைத்துவிட்டார்! இக்கணக்கைக் கலோரியில் தொடங்கிச் செய்ய முயன்றால், இடையிலேயே ஜூலுக்கு மாற்றவேண்டி வரும்.

இனி, நாள்தோறும் உணவைக் குறித்துவைப்போர் எதைக் கொள்வது? அளவு வகுத்துக் கொடுத்த மருத்துவரோ உணவியலாரோ எந்த அளவையில் சொன்னாரோ அதையே கொள்ளவேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது பெரும்பாலும் கிலோகலோரியாகவே இருக்கும். ஒரே ஏட்டில் காலையுணவைக் கிலோகலோரியிலும் இரவுணவைக் கிலோஜூலிலும் எழுதுவது மிகத் தவறு. எண்ணுக்குப் பக்கத்தில் அளவையின் பெயரை எழுதாமல் விடுவது அதனினும் தவறு. பள்ளியில் ஜூலே முதலிடம் பெறவேண்டும். ஆயினும் மாணவன் வீட்டுக்குப் போய்ச் சீட்டைப் படிப்பவன் என்பதால், கிலோகலோரியையும் கற்பிக்காமல் இருத்தல் முறையன்று.

மனக்கணக்காக மாற்றவும் எளிய வழி உண்டு. கிலோஜூலை நான்கால் வகுத்து, வந்ததில் இருபதில் ஒரு பங்கைக் கழிக்க: 8,700-ஐ வகுக்க 2,175, 109-ஐக் கழிக்க 2,066 கிலோகலோரி. நுட்பமான விடை 2,079. கிலோகலோரியை மாற்ற, நான்கால் பெருக்கி இருபதில் ஒரு பங்கைக் கூட்டுக. நான்காம் வகுப்பு மாணவனும் இதைச் செய்வான்.

அளவையைச் சரியாகக் கண்டபின்னும், அந்த எண் எதற்குரியது என்று பார்க்க வேண்டும். நூறு கிராமுக்கு என்று ஒரு பத்தியும், ஒரு வேளைப் பரிமாறலுக்கு என்று ஒரு பத்தியும் சீட்டில் இருக்கும். இரண்டு பொருள்களை ஒப்பிட நூறு கிராம் பத்தியே உதவும். உண்டதை ஏட்டில் எழுதப் பரிமாறல் பத்தி உதவும். ஆனால் உற்பத்தியாளர் எண்ணிய பரிமாறல் 30 கிராமாக இருக்க, வீட்டுக் கிண்ணம் 60 கிராம் கொள்ளும். ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து, கிண்ணத்தின் அளவைச் சீட்டின் ஓரத்திலேயே குறித்துவைத்துக்கொள்ளலாம்.