பனி அள்ளும் இயந்திரம் ஓடவில்லையா?

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பெட்ரோலை விட்டுவிட்டு பேட்டரி ஸ்னோ புளோயருக்கு மாறிய வீடுகள் பல. புகை இல்லை, கயிற்றை இழுத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஜனவரிக் காலையில் பட்டனை அழுத்தினால் சில நாள் அசைவே இருக்காது. இயந்திரம் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் கராஜில் கிடந்து சில்லிட்டிருந்தால் கோளாறு அநேகமாக அங்கேதான்.

லித்தியம் அயன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே வேதிவினை மந்தமாகிச் சக்தி குறையும். கடுங்குளிரில் பல பேட்டரிகளின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தையே நிறுத்திவிடும். வீட்டுக்குள் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள். அதைவிட ஆபத்து, உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதே சார்ஜ் போடுவது. லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும். அந்தப் படிவு வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். வெப்பமில்லாத கராஜில் சார்ஜரை மாட்டிவைக்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். வீங்கிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்றால், நகராட்சி வண்டி டிரைவ்வே வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிமேட்டைச் சந்தேகப்படுங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்து இறுகிய பனி அது. முழு அகலத்துக்கும் முட்டினால் மோட்டார் சுமை தாங்காமல் நின்றுவிடும். சற்று ஆறவிட்டு, பாதி அகலமாக மெல்ல எடுங்கள்.

பனியை வெளியே வீசும் குழாயில் பனி அடைத்துக்கொண்டால் கையை விடவே விடாதீர்கள். விரல்கள் துண்டாவது இப்படித்தான். பேட்டரி இயந்திரத்தில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: நின்றிருக்கும்போது சத்தமே இல்லை, ஆனால் மின்சாரம் உள்ளே தயாராக இருக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள், சாவி இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே சுழலும் தகடு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு, கூடவே வரும் பிளாஸ்டிக் கரண்டியாலோ கட்டையாலோ தோண்டுங்கள். கையுறை காப்பாற்றாது, அது மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

இத்தனையும் செய்து ஓடவில்லையா? கடைக்குப் போங்கள். பேட்டரிக்கும் இயந்திரத்துக்கும் வாரன்டிக் காலம் வேறுவேறாக இருக்கலாம், சீட்டைப் படித்துவிட்டுப் போவது நல்லது. வாரன்டி முடிந்தது என்று சொன்னாலும் அதோடு திரும்பிவிட வேண்டாம். வாங்கிய பொருள் தரமாகவும் அதன் வேலைக்குத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை ஒன்டாரியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. கடைக்காரர் எந்த நிபந்தனை எழுதியும் அதைப் பறிக்க முடியாது. கியூபெக்கில் வாங்கியிருந்தால் அங்குள்ள சட்டம் இன்னும் தெளிவு: பொருள் நியாயமான காலம் உழைத்தே ஆக வேண்டும். குறையை எழுத்தில் கொடுத்து, ரசீதையும் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடலாம், சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போகலாம்.

புகையோ தீப்பொறியோ கண்டால் ஹெல்த் கனடாவுக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். திரும்பப் பெறப்படும் பொருட்களின் பட்டியலை அவர்கள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். அடுத்த பனிக்கு முன் உங்கள் இயந்திரத்தின் மாடல் எண்ணை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.