சுருங்காத செங்கல்

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் ஒரு சோதனை உண்டு. குரோம் ஏற்றிய தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். சுருங்கினால் பதம் போதவில்லை என்று பொருள். பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். குரோமியம் அதன் இழைகளைப் பிணைத்துவிட்டால் கொதிநீரையும் தாங்கும்.

அதே ராணிப்பேட்டையின் சிப்காட் வளாகத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேலான வெப்பத்தோடு மல்லுக்கட்டும் தொழிலும் நடக்கிறது. 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம், உலைகளுக்கான வெப்பம் தாங்கும் பீங்கான்களை இங்கே செய்கிறது.

அந்தப் பெயரில் உள்ள கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது கிடைத்த பளபளக்கும் படிகம். கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணி அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. இன்று மணலையும் பெட்ரோலியக் கரியையும் 2000 டிகிரிக்கு மேல் காய்ச்சி இதை எடுக்கிறார்கள். வைரத்தைவிடக் குறைவுதான் என்றாலும் மிகக் கடினமானது. வெப்பத்தை விரைவாகக் கடத்தும், சூட்டில் அதிகம் விரியாது. அதனால் சட்டென்று சூடேறினாலும் ஆறினாலும் எளிதில் விரிசல் விடாது.

இதைக் கொண்டு உலைக்கான செங்கலும் பலகையும் செய்வதில் சிக்கல் எங்கே? சிலிக்கன் கார்பைடுக் குருணைகள் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. களிமண்ணால் ஒட்டலாம், ஆனால் களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். கடும் வெப்பத்தில் இளகும், பாரம் ஏற்றிய பலகை நடுவில் தொய்யும்.

இதற்குக் கண்ட வழி என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. குருணையோடு சிலிக்கன் பொடியைக் கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். காற்றை நீக்கி நைட்ரஜன் நிரப்பிய உலையில் ஏறத்தாழ 1400 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். சிலிக்கன் நைட்ரஜனை இழுத்துக்கொண்டு சிலிக்கன் நைட்ரைடு ஆகிறது. 3 கிலோ சிலிக்கன் 5 கிலோ நைட்ரைடாகும். அந்த வளர்ச்சியெல்லாம் குருணைகளுக்கு இடையே உள்ள பொந்துகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வெளியளவு ஏறக்குறைய மாறுவதில்லை. அச்சில் இருந்த அளவே உலையிலிருந்து வரும்.

அவசரப்பட்டால் கெட்டது. இந்த வினையே வெப்பம் கக்கும்; சிலிக்கனோ 1414 டிகிரியில் உருகிவிடும். உருகி வழிந்தால் நைட்ரஜன் உள்ளே போக வழி அடைபடும். அதனால் பெரிய துண்டுகளை நாள்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள்.

இப்படிச் செய்த பலகைகள்மேல் வாஷ்பேசின்களும் கழிப்பறைப் பீங்கான்களும் சூளைக்குள் போகின்றன. இரும்பு உருக்கும் ஊதுலையின் சுவரிலும் இப்படிச் செய்த செங்கற்கள் உண்டு.

வேலூர்ப் பக்கம் வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, வேலை என்றதும் தோலை மட்டும் நினைக்காமல் இந்த உலைகளையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.