கருவிக்கு முன்னால் கண்

கேமரா செய்யும் வேலை ஒன்றுதான்: லென்ஸ் வழியே வரும் ஒளியைக் குறிப்பிட்ட நேரம் உள்ளே விட்டு, ஃபிலிமிலோ சென்சாரிலோ பதிய வைப்பது. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்பதை இன்றைய கேமராக்கள் தாமே கணக்கிடுகின்றன. முகத்தைத் தேடிப்பிடித்து ஃபோகஸும் செய்கின்றன. ஆனால் எந்த வெளிச்சத்தில் எடுப்பது, எங்கே நிற்பது, எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்ற முடிவுகள் எடுப்பவருடையவை. படம் மனத்தில் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

முதலாவது ஒளி. உச்சி வெயிலில் எடுத்த முகத்தில் கண்குழிகள் கறுத்துவிடும். அதே முகத்தை ஜன்னலோரம் உட்கார வைத்தால் ஒளி பக்கவாட்டில் மென்மையாக விழும். இந்த மாற்றத்துக்குச் செலவு எதுவும் இல்லை. விலை உயர்ந்த லென்ஸ் கண்குழி நிழலை இன்னும் துல்லியமாகக் காட்டும், நீக்காது.

ஒளியை அறிந்திருப்பதன் மதிப்புக்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவெழுச்சிப் படம் சான்று. சூரியன் மறையும் நேரம். கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெளிச்சம். பெரிய கேமராவை அவசரமாக நிறுத்திய அவருக்கு, ஒளியை அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவில் இருந்ததால், அதை வைத்து மனத்திலேயே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெளிச்சம் போய்விட்டது.

இரண்டாவது, நிற்கும் இடம். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோ அருகே, பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் ஒளிப்படக் கலைஞர் டோரதியா லாங்கே ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். தொலைவிலிருந்து எடுத்ததில் கூடாரமும் தட்டுமுட்டுச் சாமான்களும் தெரிகின்றன. அருகில் சென்று எடுத்ததில் அவை விலகி, கவலை தோய்ந்த தாயும், முகம் திருப்பிச் சாய்ந்திருக்கும் குழந்தைகளும் மட்டுமே எஞ்சுகிறார்கள். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமாக உலகம் அறிந்தது இந்த நெருக்கமான படத்தைத்தான்.

மூன்றாவது, நொடி. பிரான்ஸின் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் கையடக்கமான லைக்கா கேமராவையும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையும் கொண்டே பணியாற்றினார். 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை, அவர் கால் நீரைத் தொடும் முன் படமாக்கினார். வேலியின் இடுக்கு வழியே எடுத்ததால் படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. குதிப்பவரின் உருவமும் சற்றுக் கலங்கியே இருக்கிறது. அந்தக் குறைகளோடுதான் அது ஒளிப்பட வரலாற்றில் இடம்பெற்றது.

இதனால் கருவி தேவையில்லை என்றாகாது. தொலைவில் இருக்கும் பறவைக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். வெளிச்சம் குறைந்த மண்டபத்துக்கு அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸும், இருட்டைச் சமாளிக்கும் சென்சாரும் வேண்டும். கருவி வகுப்பது எதை எடுக்க முடியும் என்ற எல்லையை. அந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது திறமையின் வேலை. லைக்காவும் மலிவான கேமரா அல்ல; ஆனால் அதை வாங்கிய எல்லோரும் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் ஆகிவிடவில்லை.

இந்தத் திறமை பயிற்சியால் வருவது. ஒரே லென்ஸோடு சில மாதங்கள் பழகினால், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே சட்டத்துக்குள் எது விழும் என்பது தெரிந்துவிடும். ஒரே தெருவைக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் எடுத்துப் பார்த்தால் ஒளியின் போக்கு புரியும். எடுத்த படங்களில் தவறியவை ஏன் தவறின என்று ஆராய்வது அடுத்த படி. இருட்டு, தூரம், வேகம் ஆகியவற்றில் எது தடையாகிறது என்று அந்த ஆராய்ச்சி காட்டும்போது, எந்தக் கருவிக்குப் பணம் செலவிட வேண்டும் என்பதும் தெளிவாகிறது.