நோகும் தசைக்கு ஓய்வா, ஓட்டமா?

அன்று சுபஹ் தொழுகைக்கு எழும்பிய எனக்குக் கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. இரண்டு தொடைகளும் கல்லாக இறுகிப்போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வுழூ செய்தேன். ருகூஉ வரைக்கும் எப்படியோ சமாளித்தேன். ஸுஜூதுக்குப் போக முழங்காலை மடித்தபோது கால்கள் பாதியிலேயே கைவிட்டுவிட்டன. கடைசியில் உம்மா கொண்டுவந்து வைத்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தொழுதேன். பக்கத்துக் கதிரையில் தொழுது முடித்த உம்மும்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உனக்கும் என்ட வயசாகிட்டா மகள்?" என்று கேட்டார்.

காரணம் இதுதான். இரண்டு நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை பின்னேரம், இல்லங்களுக்கிடையிலான வலைப்பந்தாட்டப் போட்டிக்காக எங்கள் இல்லத்தின் முதற் பயிற்சி நடந்தது. சாதாரண தரப் பரீட்சைக்காகவும் பிறகு உயர்தரத் தனியார் வகுப்புகளுக்காகவும் ஒரு வருடத்துக்கு மேல் கதிரையிலேயே இருந்தவள் நான். அன்று அறுபது தவளைப் பாய்ச்சல் பாய்ந்தேன். மூன்று மாடிக் கட்டடத்தின் படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்கி ஓடினேன். அன்றிரவு ஒரு நோவும் இல்லை. "நான் இன்னும் பழைய ஆள்தான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டு நித்திரைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை லேசான இறுக்கம். புதன்கிழமை காலையில் கதிரைத் தொழுகை.

அன்று வீட்டில் மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. "கால் சரியாகும் வரைக்கும் அசையாமப் படுத்திரி, இனி அந்தப் பக்கமே போக வாணாம்" என்றார் உம்மா. "லக்டிக் அமிலம் தேங்கியிருக்கு, அதுதான்" என்றார் நானா. தொலைபேசியில் எங்கள் அணித் தோழி, "படுத்தா இன்னும் இறுகிடும். அதே பயிற்சியத் திருப்பிச் செய், நோவு ஓடிடும்" என்றாள். எனக்கு விளையாட வேண்டும் என்ற ஆசை. ஆகவே, எனக்குப் பிடித்த தீர்ப்பையே நான் தெரிந்தெடுத்தேன். அன்று பின்னேரமே மைதானத்துக்குப் போய் மீண்டும் பாய்ந்தேன். பதினைந்தாவது பாய்ச்சலில் நிலத்தில் இறங்கியபோது தொடை தாங்கவில்லை. வலது கணுக்கால் பிரண்டு வீங்கிவிட்டது. எங்கள் இல்லத்தின் முதற் போட்டியைக் காலில் கட்டுடன் ஓரத்தில் இருந்து பார்த்தேன்.

வைத்தியசாலையில் என் காலைப் பார்த்த இயன் மருத்துவர் கணுக்காலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "மகள், தொடை நோவு எப்ப தொடங்கினது? செய்யும்போதா, அடுத்த நாளா?" என்று கேட்டார். இந்தச் சின்னக் கேள்விக்குள் இவ்வளவு விடயம் இருக்கிறதா என்று பிறகுதான் அறிந்தேன். கால் குணமாகும் வரைக்கும் நான் தேடி வாசித்தவற்றை என்னைப் போன்ற சகோதரிகளுக்காகவும் அவர்களின் உம்மா வாப்பாமாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பிந்தி வரும் நோவு

பழக்கமில்லாத வேலையைச் செய்த பின் தசையில் வரும் நோவு உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 24 மணித்தியாலங்களில் தொடங்கி, 24 மணித்தியாலங்களுக்கும் 72 மணித்தியாலங்களுக்கும் இடையில் உச்சத்தை அடையும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் தானாகவே மறைந்துவிடும். திங்கள் பாய்ந்தவள் புதன் காலையில் எழும்ப முடியாமல் போனது இதனால்தான். செய்யும்போதே "சுருக்" என்று ஓரிடத்தில் குத்தும் நோவு வேறு. அது காயம். மருத்துவரின் கேள்வி இவ்விரண்டையும் பிரிப்பதற்கானது.

இந்தப் பிந்திய நோவை 1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்றொழிலியலாளர் தியடோர் ஹஃப் ஆராய்ந்து எழுதினார். தசைக்குள்ளே ஏற்படும் நுண்ணிய கிழிவுகளே காரணமாக இருக்கலாம் என்பது அவரது கருத்து. 1981இல் சுவீடன் ஆய்வாளர்கள் படிகளில் இறங்கி ஓடியவர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒழுங்கான வரிகளாக இருக்க வேண்டிய தசை நாரின் உள்ளமைப்பு ஆங்காங்கே குலைந்திருந்தது. குலைந்த இடத்தைத் திருத்துவதற்காக உடல் அங்கே திரவத்தையும் வெண்குழியங்களையும் அனுப்புகிறது. தசை லேசாக வீங்குகிறது. நரம்பு நுனிகள் கூருணர்வு அடைகின்றன. இவையெல்லாம் நடக்க நேரம் எடுப்பதால் நோவும் பிந்தியே வருகிறது.

அப்படியென்றால் நானா சொன்ன லக்டிக் அமிலம்? எங்களில் அதிகமானோர் நம்பும் காரணம் அது. ஆனால், கடும் பயிற்சியின்போது கூடும் அந்த அமிலம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் நோவுக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? 1983இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். சமதரையில் ஓடியபோது இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடியது. பிறகு நோவு வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியபோது அமிலம் கூடவில்லை. நோவோ நன்றாக வந்தது. இதை வாசித்துக் காட்டியதும் நானா வேறு கதைக்குத் தாவிவிட்டார்.

ஏறுவதை விட இறங்குவதே நோகும்

சரிவில் இறங்குவதில் அப்படி என்ன இருக்கிறது? சிங்களவர் ஸ்ரீ பாத என்றும் தமிழர் சிவனொளிபாதமலை என்றும் நாங்கள் பாவாத மலை என்றும் அழைக்கும் மலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2243 மீற்றர் உயரமான அந்த மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால், மறுநாள் வீட்டுப் படியில் பின்பக்கமாக இறங்க வைப்பது மலையிலிருந்து இறங்கிய இறக்கம்தான்.

கிணற்றுக்குள் வாளியைக் கயிற்றில் மெதுவாக விடுவதை நினைத்துப் பாருங்கள். கயிறு கீழே போய்க்கொண்டிருக்கும். கையோ அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே விடும். படியிறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை செய்வதும் இதே வேலை. உடல் பாரத்தைப் பிடித்துக்கொண்டே அது நீள்கிறது. சுருங்கி வேலை செய்வதை விட, இப்படி நீண்டுகொண்டே தாங்கும் வேலைதான் பழகாத தசை நாரை அதிகம் குலைக்கிறது. தவளைப் பாய்ச்சலில் நிலத்தில் இறங்குவதும் இதே வகை. ஸுஜூதுக்குப் போக உடலை மெதுவாகத் தாழ்த்துவதும் அதே தசைக்கு அதே மாதிரியான வேலை என்பதால்தான், நொந்துபோயிருந்த என் தொடை அங்கே என்னைக் கைவிட்டது.

ஓய்வா, ஓட்டமா?

இனி உம்மாவின் தீர்ப்பையும் தோழியின் தீர்ப்பையும் பார்ப்போம். இருவரும் பாதி சரி.

லேசாக நடந்தால், கை கால்களை மெதுவாக அசைத்தால் நோவு குறையும் என்பது உண்மை. தோழி சொன்னதில் சரியான பகுதி அது. ஆனால், அந்தச் சுகம் தற்காலிகமானது. அசைவை நிறுத்திச் சிறிது நேரத்தில் நோவு திரும்பிவிடும். குலைந்த நார் அதனால் விரைவாகத் திருந்திவிடுவதுமில்லை. அத்தோடு, கடுமையாக நோகும் நாட்களில் தசையின் பலமும் குறைந்திருக்கும். கால் எங்கே, எவ்வளவு மடிந்திருக்கிறது என்ற உணர்வும் சற்றுப் பிசகும். அந்தக் காலை வைத்துக்கொண்டு பாய்ந்தால் பாரம் மூட்டுக்குப் போகும். நான் நொண்டியானது இதை அறியாததால்தான்.

உம்மா சொன்ன ஓய்வு நோகும் தசைக்குத் தேவை. ஆனால், முழு உடம்பையும் கட்டிலில் போட வேண்டியதில்லை. நாள் முழுக்கப் படுத்தால் இறுக்கம் கூடியதுபோலத்தான் இருக்கும். ஆகவே, நான் விளங்கிக்கொண்டதை ஒரு வரியில் சொல்கிறேன்: உடம்புக்கு அசைவு, நோகும் தசைக்கு ஓய்வு.

இதை எப்படி நடைமுறைப்படுத்துவது? பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். நோவு தளர்ந்து, நடை வழமைபோல இருந்தால் அன்று லேசான பயிற்சி செய்யலாம். பாய்ச்சலும் வேக ஓட்டமும் வேண்டாம். நடந்த பிறகும் நொண்டினால், படியிறங்கக் கைபிடி தேவைப்பட்டால், அந்தத் தசைக்கு இரண்டு மூன்று நாள் விடுமுறை கொடுங்கள். அதற்காக மைதானத்துக்கே போகக் கூடாது என்பதில்லை. கால் நோகும் நாளில் நின்ற இடத்திலிருந்து வளையத்துக்குப் பந்து போட்டுப் பழகலாம். பந்து பரிமாறிப் பழகலாம். கை நோகும் நாளில் நடக்கலாம்.

மற்ற வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சி இந்த நோவைத் தடுக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நூறு புள்ளி அளவுகோலில் குறைந்தது ஒன்று முதல் நான்கு புள்ளிகள் மாத்திரமே. இதமாக உருவி விடுவது ஓரளவு சுகம் தரும். உம்மும்மாவின் தைலத்துக்கும் சுடுதண்ணீர் ஒத்தடத்துக்கும் அந்த அளவு மதிப்பு உண்டு. நோவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீண்டும் பாய்வது மட்டும் பிழை. எரியும் வீட்டில் மணியை நிறுத்திவிட்டு நித்திரை கொள்வது போன்றது அது. தசை திருந்துவது நல்ல நித்திரையிலும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவிலும், போதிய தண்ணீரிலும்தான்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

எல்லா நோவையும் "பயிற்சி நோவு" என்று விட்டுவிடவும் கூடாது. செய்யும்போதே திடீரென்று குத்திய நோவு, மூட்டில் வீக்கம், பாரம் வைத்து நிற்க முடியாமை, மரத்துப்போதல், காய்ச்சல், ஒரு வாரம் கடந்தும் குறையாத நோவு ஆகியவற்றை வைத்தியர் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமான ஓர் அடையாளம் உண்டு. கடும் பயிற்சிக்குப் பின் தசை பெரிதாக வீங்கி, தாங்க முடியாமல் நொந்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. அரிதாகவே நடக்கும். ஆனால், பழக்கமில்லாதவர் ஒரே நாளில் அளவு மீறிச் செய்யும்போதும், வெயிலில் தண்ணீரில்லாமல் செய்யும்போதும் ஆபத்து கூடுகிறது. நோன்பு காலத்தில் பயிற்சியைக் குறைத்து, கடினமானதை நோன்பு திறந்து தண்ணீர் குடித்த பின் வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது. சிறுநீரின் நிறத்தைச் சொல்ல எங்கள் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட வேண்டிய விடயம் இதுவல்ல.

மூன்றாம் நாளில் விலகாதீர்கள்

எனக்கு முக்கியமாகப்பட்ட விடயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். ஒரு முறை நொந்து திருந்திய தசை அதே வேலைக்கு அடுத்த முறை அவ்வளவு நோவதில்லை. இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். முதல் நாள் குறைவாகச் செய்தாலும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். அதாவது, முதல் வாரம்தான் கடினம். தசை கற்றுக்கொள்கிறது.

ஆனால், எங்களில் பலர் அந்த முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறோம். அந்தத் திங்கட்கிழமை பதினான்கு பேர் வந்தோம். அடுத்த திங்கள் ஏழு பேர்தான் வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து வீட்டார் பயந்துவிட்டார்கள். இதைப் பற்றிக் கதைத்தபோது, உம்மா ஒன்பதாம் வகுப்பில் தானும் ஓட்டத்துக்குப் போய், மூன்றாம் நாள் கால் நோவோடு நின்றுவிட்டதாகச் சொன்னார். "நோவு போயிடும் எண்டு எனக்கு யாரும் சொல்லல்ல மகள்" என்றார். அதன் பிறகு அவர் ஓடவேயில்லை.

பெற்றோர்களே, பெருநாளுக்கு முந்தின வாரம் வீடு முழுக்கக் கழுவித் துடைத்து, ஒட்டடை அடித்த மறுநாள் உங்கள் கைகளும் இப்படித்தான் நோகும். அதற்காக அடுத்த பெருநாளுக்கு வீட்டைத் துப்புரவாக்காமல் விடுவீர்களா? பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் "இனிப் போகாதே" என்பதற்கு முன், மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: செய்யும்போது நொந்ததா, அடுத்த நாளா? அடுத்த நாள் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, பிறகு அனுப்புங்கள்.

சகோதரிகளே, நாங்களும் எங்கள் பங்கைச் செய்ய வேண்டும். முதல் நாளே அறுபது பாய்ச்சல் பாயத் தேவையில்லை. கணுக்கால் குணமாகி மூன்று வாரத்துக்குப் பின் மைதானத்துக்குப் போன நான் பத்துடன் நிறுத்திக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம் பதினைந்து. இரண்டாம் நாள் காலையில் தொடை சற்று இறுகத்தான் செய்தது. ஆனால், முன்யோசனையாக உம்மா கொண்டுவந்து வைத்திருந்த கதிரை எனக்குத் தேவைப்படவில்லை. அடுத்த பயிற்சிக்குச் சப்பாத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டு, "கூட நேரம் பாயாத" என்று மட்டும் சொன்னார்.